பைபாஸ் ஓரத்து வீடு: நெட்டிலிங்கம், ஒன்பதடிச் சுவர், ஜன்னல்

சங்ககிரி தாண்டிக் கோவை போகிற பைபாஸுக்குக் கிழக்கே எங்கள் வீடு. இப்போது அந்தச் சாலைக்கு 544 என்று நம்பர். எங்கள் பேச்சில் இன்னும் பழைய நம்பர் 47தான். சாலை விளிம்பிலிருந்து வாசற்படி 48 மீட்டர், டேப் பிடித்து அளந்தது. 2016 தையில் குடிவந்தோம். இடம் பார்க்க வந்ததெல்லாம் பகலில், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். முதல் ராத்திரிதான் சாலைச் சத்தம் என்ற விஷயம் தெரிந்தது.

சங்ககிரி லாரி ஊர். ராத்திரி பத்துக்கு மேல்தான் டாரஸ் என்கிற பெரிய லாரிகள் வரிசைகட்டும். எங்களுக்கு நேரே சாலை லேசாகச் சரிகிறது, அதனால் ஓட்டுநர்கள், எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பிடிப்பார்கள். பெருமூச்சு விடுகிற யானை மாதிரி ஒரு சத்தம். போனில் சத்தத்தை டெசிபல் கணக்கில் அளக்கிற ஆப் போட்டுத் திண்ணையில் வைத்தால் ராத்திரி பத்தரைக்கு 69 காட்டியது. போன் ஆப் துல்லியமில்லை, ஆனால் ஒரே போன், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசத்தையாவது நம்பலாம். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வது பகலில் 55, இரவில் 45. இரவு என்பது பத்திலிருந்து ஆறு வரை.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான், மரம். நர்சரிக்காரர், "நெட்டிலிங்கம் வைங்க சார், மூணு வருசத்துல ஒரு சத்தம் கேக்காது" என்றார். மூன்றடிக்கு ஒன்றாக 26 கன்று வைத்தோம். நன்றாகவே வளர்ந்தது. நான்காவது வருஷம் பதினெட்டு அடி உயரத்தில் பச்சைத் திரை மாதிரி நின்றது. திண்ணையில் போனை வைத்தேன். 68. மறுநாளும் 68, அதற்கு மறுநாள் 69.

இலைக்குக் கனம் கிடையாது, இடுக்கு நிறைய. சத்தம் அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும். அப்புறம் படித்துப் பார்த்தால், அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை வெளிப்படையாகவே சொல்கிறது: கண் ஊடுருவாத அடர்த்தியில், உயரமாக, 200 அடி அகலத்துக்குக் காடு இருந்தால் சுமார் 10 டெசிபல் குறையும். ஒற்றை வரிசை மரம் கணக்கிலேயே இல்லை. எங்கள் கொங்குப் பக்கக் கிளுவை வேலியும் அப்படித்தான். ஆட்டை நிறுத்தும், லாரியை நிறுத்தாது. கோடையில் இலையும் கொட்டிவிடும்.

ஆனாலும் மரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். திண்ணையில் தூசி பாதியாகிவிட்டது. லாரி கண்ணில் படாததால் மனசுக்குச் சத்தம் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி இருந்தது, அளவில் இல்லாவிட்டாலும். இப்போது அதில் கொண்டைக்குருவி கூடு கட்டுகிறது. சத்தத்துக்காக மட்டும் வைப்பதாக இருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது சுவர். பழைய காம்பவுண்டு நாலரை அடி, மேலே கிரில். மரம் வளர்வதற்கு முன்னால், திண்ணையில் உட்கார்ந்தால் அதற்கு மேலாக லாரியின் டயர் தெரிந்தது. ஒரு சுலபமான சோதனை இது: சத்தம் வருகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தால் சுவர் எதையும் தடுக்கவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் பெரும்பாலான இரைச்சல் டயரும் தாரும் உரசுவதில் வருகிறது, அது தரையோடு தரையாக இருப்பதால் மறைப்பது எளிது. டயர் மறைந்த மாத்திரத்தில் சுமார் 5 டெசிபல் கிடைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டர் உயர்த்தினாலும் ஒன்றரைதான். 10 டெசிபல் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் சாலையை ஒட்டியோ வீட்டை ஒட்டியோ இருக்க வேண்டும், நட்டநடுவில் இருந்தால் பலன் குறைவு. எங்களுடையது வீட்டுக்கு 11 மீட்டர் முன்னால்.

2021இல் பழையதை இடித்துவிட்டு ஆறங்குல சாலிட் பிளாக்கில் ஒன்பதடி எழுப்பினோம். பத்தடிக்கு ஒரு தூண், நடுவில் படுக்கைவாட்டில் ஒரு கான்கிரீட் பெல்ட், இரண்டு பக்கமும் பூச்சு. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்து வருகிற ஊரில் தூணில்லாமல் ஒன்பதடி கட்டக் கூடாது. உயரத்துக்கு அனுமதி வேண்டுமா என்று உள்ளூர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கொத்தனார் மூன்றாவது நாள், "ஏனுங்க சார், உள்ள யாரைங்க புடிச்சு வெக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

கட்டி முடித்த அன்று ராத்திரி ஆசையாக அளந்தேன். 66. மூன்றே முக்கால் லட்சத்துக்கு மூன்று டெசிபல்!

தப்பு கேட்டில் இருந்தது. பன்னிரண்டு அடி அகலத்துக்குப் பழைய கிரில் கேட்டையே மாட்டியிருந்தோம். சத்தம் தண்ணீர் மாதிரி, தொட்டியில் ஓட்டை இருந்தால் தொட்டி எவ்வளவு உயரமாயிருந்து என்ன? பட்டறையில் கொடுத்து, இரண்டு பக்கமும் 16 கேஜ் தகடு அடித்து, கீழே தரையைத் தொடுகிற மாதிரி ரப்பர் பட்டை வைத்தோம். இன்னொரு ஓட்டை பக்கவாட்டில். சுவர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரமோ, அதைப் போல நாலு மடங்கு இரண்டு பக்கமும் நீள வேண்டும் என்பது கணக்கு. எங்களுக்கு அது பக்கத்துக்கு 44 மீட்டர். மனையின் முகப்பே மொத்தம் 80 அடி, அதாவது 24 மீட்டர்தான். வேறு வழியில்லாமல் இரண்டு ஓரத்திலும் 30 அடி உள்ளே திருப்பி ‘ப’ வடிவில் கட்டினோம். இதெல்லாம் முடிந்த பிறகு திண்ணையில் 61 - 62. இன்றைக்கும் அதே அளவில் நிற்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேற்குக் காற்று போச்சு, சித்திரையில் திண்ணை அடுப்பு. சுவர் உள்பக்கச் சத்தத்தையும் திருப்பி அனுப்புகிறது. போர் மோட்டார் ஓடினால் இரண்டு மோட்டார் ஓடுகிற மாதிரி இருக்கும். டயர் இரைச்சல் அடங்கியதும், அதுவரை அதில் கரைந்திருந்த ஏர் ஹாரன் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்க ஆரம்பித்தது. முதல் மாதம், சுவர் கட்டி ஹாரனை வாங்கிவிட்டோமோ என்றே தோன்றியது. எஞ்சினின் தாழ்ந்த உறுமல் சுவரின் தலைக்கு மேல் வளைந்து வந்துவிடும், அதற்கு மருந்தில்லை. மார்கழி ராத்திரிகளில் தரையோரம் குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் இருப்பதால் சத்தம் கீழ்நோக்கி வளைகிறது; அந்த நாட்களில் மட்டும் சுவரே இல்லாத மாதிரி இருக்கும்.

இடம் இருப்பவர்களுக்குச் சுவரைவிட மண்மேடு நல்லது. பெருந்துறைப் பக்கம் சித்தப்பா மகன் கிணறு ஆழப்படுத்திய மண்ணை வெளியே அனுப்பாமல் சாலைப் பக்கம் எட்டடி மேடாகக் கொட்டினான். மண் சத்தத்தை உறிஞ்சும், எதிரொலிக்காது. ஆனால் சரிவு நிற்க வேண்டுமென்றால் ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம் வேண்டும், இரண்டு பக்கமும். எட்டடி மேட்டுக்கு அடியில் குறைந்தது 32 அடி போய்விடும். முதல் ஐப்பசி மழையில் பாதி மண் வாய்க்காலில் கிடந்தது. அப்புறம் வெட்டிவேர் நட்டான், இப்போது அசையவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டி 44ஆம் எண் சாலையில், மிருகங்களுக்காகச் சாலையோரமே சத்தத் தடுப்பும் வெளிச்சத் தடுப்பும் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். படித்தபோது எனக்குப் புலி மேல் கொஞ்சம் பொறாமை வந்தது உண்மை.

கடைசியாகச் செய்து, முதலில் செய்திருக்க வேண்டியது ஜன்னல். 2023இல் அம்மா அறைக்கும் எங்கள் அறைக்கும் பழைய தேக்கு ஜன்னலை எடுத்துவிட்டு யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் சட்ட ஜன்னல் போட்டோம். கடைக்காரர் ஸ்லைடிங்கைத்தான் தள்ளப் பார்த்தார், விலை குறைவு என்று. ஸ்லைடிங்கில் பிரஷ் மாதிரி ஒரு பட்டைதான் இருக்கும், இடுக்கு அடையாது. கதவு மாதிரித் திறந்து, சாத்தினால் ரப்பர் பீடிங்கில் அழுந்துகிற வகை வேண்டும்; கண்ணாடி லேமினேட்டட், அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பலகைகளையும் எடுத்துவிட்டு நிரந்தரக் கண்ணாடி போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினோம். மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அறைக்குள் 50 இருந்தது 39க்கு வந்தது. போட்ட முதல் ராத்திரி அம்மா கூப்பிட்டு, "இந்தக் கடியாரம் இத்தன நாளா ஓடிட்டா இருந்துச்சு கண்ணு?" என்றார்கள். சாத்தியே வைத்திருக்க வேண்டும் என்பதால் மார்ச்சிலிருந்து ஏசி பில் தனி.

மாடி அறைக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. அது சுவரின் தலைக்கு மேலே இருக்கிறது, அளவு இன்றும் 69. மகள் படிக்கிற அறை அது. மேசையைக் கிழக்குப் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறோம். ஜன்னலுக்குக் கொட்டேஷன் 42 ஆயிரம் வந்திருக்கிறது, அவளுடைய பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குள் மாட்டிவிட வேண்டும்.