ஒரு மெத்தியோனினோடு ஏழு வருஷம்

பக்கத்து ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி நேற்றுக் கேட்டான்: "அண்ணா, எஃப்எம்ஆர்எஃப்அமைடு விலை குறைஞ்சிருக்கு. அஞ்சு மில்லிகிராம் வாங்கி வச்சுக்கலாமா?" நரம்பு செல்கள் மேல் நாங்கள் விட்டுப் பார்க்கும் ஒரு பெப்டைடு அது, அதாவது அமினோ அமிலங்களின் குட்டிச் சங்கிலி. சட்டென்று "வேண்டாம்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. காரணத்தை விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

1977-இல் பிரைஸும் கிரீன்பெர்க்கும் ஒரு மட்டியின் நரம்புமுடிச்சுகளிலிருந்து பிரித்தெடுத்த பெப்டைடு இது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான்கே அமினோ அமிலங்கள்: பெனைல்அலனின், மெத்தியோனின், ஆர்ஜினின், மறுபடி பெனைல்அலனின், முனையில் ஓர் அமைடு. என் கோபமெல்லாம் அந்த இரண்டாவது ஆளான மெத்தியோனின் மேல்தான்.

மெத்தியோனினில் இருக்கும் கந்தகத்தில் ஆக்சிஜன் ஏறிவிடும். கரைசல் கண்ணுக்கு அப்படியே தெளிவாக இருக்கும், வேலை மட்டும் குறைந்துகொண்டே போகும். போன வருஷம் மூன்று வாரம், ஒரு வகைக் கடல் நத்தையான கடல் முயலின் உணர்வு நியூரான்கள் எதற்கும் அசையவில்லை. விலங்குகள் சரியில்லை என்று நினைத்தேன். தொட்டித் தண்ணீரை மாற்றினேன், வெப்பநிலையை 15 டிகிரியிலேயே பிடித்து வைத்தேன், மின்முனைகளைப் புதிதாக இழுத்தேன். கடைசியில் பெப்டைடை, மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைமாலைமானியில் போட்டுப் பார்த்தால், 599-இல் நிற்க வேண்டிய சிகரத்துக்குப் பக்கத்தில் 615-இல் இன்னொன்று, அதைவிட உயரமாக! பதினாறு கூடியிருக்கிறது, அதாவது ஓர் ஆக்சிஜன். அந்த மூன்று வாரத்துக்காக அறுத்த விலங்குகளை நினைத்தால் இன்னும் மனசு கேட்பதில்லை.

அனுப்பிய நிறுவனத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. சீட்டில் 1 மில்லிகிராம் என்றிருந்தது. ஆனால் வந்தது டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் ஒட்டிய உப்பு. இந்தப் பெப்டைடில் அந்த அமிலம் ஒட்ட இரண்டு இடம் இருக்கிறது. இரண்டும் நிறைந்தால் எடையில் கால் பங்குக்கு மேல் அதுவே. கணக்கில் அதைக் கழிக்காதவன் செறிவைத் தப்பாகத்தான் எழுதுவான். சீட்டில் ஒரு வரி போட என்ன கஷ்டம்?

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். கடல் முயலின் ப்ளூரல் என்ற நரம்புமுடிச்சைச் சில்கார்டு ரப்பர் பூசிய தட்டில் ஊசி குத்தி விரித்து, உறையை நீக்கி, உணர்வு நியூரான் ஒன்றில் மின்முனையை இறக்கியிருக்கிறீர்கள். இன்னொரு மின்முனை பீடல் என்ற நரம்புமுடிச்சின் இயக்க நியூரானில். புதிதாகக் கரைத்த பெப்டைடை மெல்ல விடுங்கள். சவ்வு மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் கீழே இறங்கும், ஸ்பைக் என்ற மின்துடிப்பு ஒல்லியாகும், எதிர்முனையில் இயக்க நியூரானின் சினாப்டிக் பதில் திரையிலேயே சுருங்கும். கழுவிவிட்டால் மெதுவாகத் திரும்பி வரும். செரோட்டோனின் என்ற நரம்புப் பொருள் மூடும் அதே பொட்டாசியம் கால்வாயை, செல் சவ்விலுள்ள அந்த வாசலை, இது திறந்து பிடிக்கிறது. ஒரே வாசலை இரண்டு பேர் எதிரெதிராக இழுப்பதைக் கண்ணால் பார்ப்பது போல இருக்கும். ஏழு வருஷத்தில் எத்தனை முறை பார்த்தேனோ, இன்றைக்கும் அந்த நேரத்தில் பேச்சு வராது.

மெத்தியோனினுக்குப் பதில் லியூசின் வைத்த எஃப்எல்ஆர்எஃப்அமைடு கிடைக்கிறது. இப்படி ஆக்சிஜன் ஏறிக் கெடாது. என் செல்களில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. தம்பிக்கு அதைத்தான் வாங்கச் சொல்வேன். எஃப்எம்ஆர்எஃப்அமைடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். காற்று நீக்கிய தண்ணீரில் கரைத்து, பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து, மைனஸ் 80-இல் வை. ஒரு முறை உருகியதை மறுபடி உறைய வைக்காதே, கொட்டிவிடு.

நான் மாறப்போவதில்லை. கடல் முயலின் மரபணு ஒரே முன்புரதத்தில் (வெட்டுப்பட்டுப் பெப்டைடுகளாகும் நீளப் புரதம்) இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகளாக எழுதி வைத்திருப்பது மெத்தியோனின் உள்ளதைத்தான். லியூசின் உள்ளது அதில் ஒன்றே ஒன்று. அந்த விலங்கு தன் நரம்பில் விடும் பொருளையே நானும் விட வேண்டும் என்று இருக்கிறது. காலையில் இன்னொரு மில்லிகிராமுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.