மண்ணடியில் சிங்கப்பூர் டாலர் வாங்கிய கதை

சிங்கப்பூர் பயணத்திற்காக சென்னை மண்ணடியில் ஒரு நாணய மாற்றுக் கடைக்குச் சென்றிருந்தேன். ‘கமிஷன் இல்லை’ என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தாலும், அந்தக் கமிஷன் விலைக்குள்ளேயே ஒளிந்திருப்பதை, கைப்பேசியில் அன்றைய சந்தை விலையைப் பார்த்த பிறகே உணர்ந்தேன். திரையைக் காட்டியதும், மறுபேச்சின்றி டாலருக்கு நாற்பது காசு குறைத்தார்கள்!

ரிசர்வ் வங்கியின் உரிமம் சுவரில் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருந்தது. நோட்டுகளையும் என் எதிரிலேயே இருமுறை எண்ணித் தந்தார்கள். ரசீது கேட்டபோதுதான் கல்லாவில் இருந்தவரின் முகம் சுருங்கியது. “பில் இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. மிச்சம், சார்” என்றார். 25,000 ரூபாய் வரை மாற்றினால் அந்த வரி வெறும் 45 ரூபாய்தான். பின்னால் தகராறு வந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சியும் அந்தத் தாள்தான் என்பதால், வற்புறுத்தியே வாங்கி வந்தேன்.