கட்டிய கொலோனியலும் மறுத்த ஹைட்ரோவும்

கோப்புகளைப் பூட்டிவிட்டு ‘காசு கொடுத்தால் சாவி’ என்று மிரட்டும் ரான்சம்வேர் கும்பலிடம் மாட்டினால் இரண்டே வழிதான்: கேட்ட பணத்தைக் கட்டலாம், மறுக்கலாம். இரண்டையும் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன் பணம் கட்டியது. 2021 மே 7 அதிகாலையில் திரையில் மிரட்டல் வந்ததும், டெக்சாஸில் தொடங்கி 5,500 மைல் நீளும் எரிபொருள் குழாயை மூடிவிட்டார்கள். குழாயை இயக்கும் கணினிகளில் வைரஸ் ஏறியதாகத் தெரியவில்லை. ஏறிவிடுமோ என்ற பயம்தான். மறுநாளே 75 பிட்காயின் கைமாறியது. அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். சரி, சாவி வந்ததா? வந்தது, ஆனால் ஆமை வேகத்தில் வேலை செய்தது. அதை நம்பி உட்கார முடியாமல் சொந்த பேக்கப்பையும் எடுக்க வேண்டியிருந்தது. குழாய் மறுபடி ஓடத் தொடங்க மே 12 ஆனது. அதற்குள் பங்க்குகளில் பெட்ரோலுக்கு வரிசை. பிறகு எஃப்.பி.ஐ. 63.7 பிட்காயினை மீட்டுக் கொடுத்தது உண்மை. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் பணம் கட்ட முடியாது. இத்தனைக்கும் கும்பல் நுழைந்தது யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) கணக்கு வழியாக. பாஸ்வேர்டைத் தாண்டி ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு அதில் இல்லை.

நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோ 2019 மார்ச்சில் மறுத்தது. 40 நாடுகளில் 35,000 ஊழியர்கள். ஓஸ்லோ தலைமையகத்தின் வாசலில், ‘எந்தக் கருவியையும் நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள்’ என்று காகிதத்தில் அச்சடித்து ஒட்டினார்கள். ஆலைகளில் பேனாவும் காகிதமும் வெளியே வந்தன. பழைய முறை தெரிந்த, ஓய்வுபெற்றவர்கள்கூட வந்து கைகொடுத்தார்கள். நடந்ததை மறைக்காமல் வெளியே சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். செலவு? சுமார் 7 கோடி டாலர்.

44 லட்சம் எங்கே, 7 கோடி எங்கே! கட்டுவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் சாவி கையில் இருந்தாலும் ஒவ்வொரு சர்வரையும் துடைத்து, சோதித்து, திரும்ப நிறுவும் செலவு எங்கும் போகாது. 2021இல் அயர்லாந்தின் அரசு சுகாதாரத் துறை பணம் தர மறுத்தது. ஒரு வாரத்துக்குள் அந்தக் கும்பலே சாவியை இலவசமாகக் கொடுத்தது. அப்படியும் முழுதாக மீள செப்டம்பர் ஆகிவிட்டது. மே மாதத்தில் நடந்த தாக்குதல் அது.

ஆகவே, எடுத்துப் பார்த்துச் சோதித்த பேக்கப் இருந்தால் என் ஓட்டு மறுப்பதற்கே. அது இல்லாத சின்ன நகராட்சியை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை. ஃபுளோரிடாவின் லேக் சிட்டி 2019இல் 42 பிட்காயின் கட்டியது. காப்பீடு போக நகராட்சி கையிலிருந்து போனது 10,000 டாலர். அப்புறம், அங்கே ஐடி பொறுப்பில் இருந்தவரின் வேலையும் போனது.