இனிப்புக்குக் கடிவாளம் எது? நான்கு வெனிலா பெர்ஃப்யூம்கள்

‘பூ வாசனை வேணும், கொஞ்சம் இனிப்பா, வெனிலா மாதிரி’ என்று கடையில் கேட்டுப் பாருங்கள். மேஜை மேல் பத்து பாட்டிலாவது வந்து நிற்கும். எதை எடுத்துப் படித்தாலும் அதே பட்டியல்தான்: மல்லிகை, ஆரஞ்சுப் பூ, வெனிலா, கொஞ்சம் பச்சோலி. இதை வைத்துக்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த வகையில் நான் முதலில் கவனிப்பது ஒன்றுதான்: வெனிலாவின் இனிப்பை இழுத்துப் பிடிக்க உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?

காரணம் இருக்கிறது. வெனிலாவுக்கு அதன் மணத்தைத் தரும் வெனிலின் மிக மெதுவாக ஆவியாகும் பொருள். எலுமிச்சை, ஆரஞ்சு வகை மணமெல்லாம் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும். பூக்கள் சில மணி நேரம் தாங்கும். வெனிலாவோ மறுநாள் துப்பட்டாவை எடுத்து உதறினாலும் இருக்கும். ஆக, எந்தப் பாட்டிலை வாங்கினாலும் நாளின் கடைசிப் பாதியை வெனிலாவோடுதான் கழிக்கப் போகிறீர்கள். அதற்குச் சரியான துணை இல்லையென்றால், மாலையில் உங்கள் மேல் பேக்கரி வாசனைதான் மிச்சம்.

இந்தக் கண்ணோட்டத்தில் நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: கெர்லானின் ஷாலிமார், அதே நிறுவனத்தின் மோன் கெர்லான், டியோரின் ஹிப்னாடிக் பாய்சன், ஈவ் சான் லோரானின் பிளாக் ஓபியம்.

ஷாலிமார்தான் மூத்தது. 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் பெரிதாக அறிமுகமானது. செய்தவர் ஜாக் கெர்லான். சாதாரண வெனிலினைவிடப் பல மடங்கு வீரியமான எத்தில் வெனிலினை அவர் தாராளமாகப் போட்டார். அப்படிப் போட்டால் திகட்ட வேண்டும், இல்லையா? திகட்டாததற்குக் காரணம், மேலே எலுமிச்சை இனப் பழமான பெர்கமோட்டின் நெடி, கீழே தோல் வாசனையும் புகையும் பிசின்களும். பிசின்களில் ஒன்று நம் சாம்பிராணியேதான். அதனால்தான் இது நம் மூக்குக்கு அவ்வளவு அந்நியமாகப் படுவதில்லை. முதல் பதினைந்து நிமிடம் தாண்டிவிட்டால், எண்ணெய்க் குளியலுக்கு அப்புறம் சாம்பிராணிப் புகை காட்டிய கூந்தலில் பூ வைத்தது போல ஒரு வாசனை எழும். இதில் மல்லிகையும் ரோஜாவும் ஐரிஸும் இருந்தாலும், பூவைத் தனியாகப் பிரித்து முகர முடியாது. எல்லாம் புகைக்குள் கரைந்து கிடக்கும்.

அந்த முதல் பதினைந்து நிமிடம்தான் வில்லங்கம். மருந்து நெடி, பழைய பீரோ என்றெல்லாம் சொல்லிப் பலர் முகம் சுளிப்பார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

போகிற போக்கில் ஒன்று. ஷாஜகான் மும்தாஜுக்காக அமைத்த தோட்டத்தின் பெயர்தான் ஷாலிமார் என்று இந்தப் பாட்டிலோடு ஒரு காதல் கதையும் விற்கிறார்கள். லாகூர் ஷாலிமார் தோட்டத்தின் வேலை தொடங்கியது 1641-இல். மும்தாஜ் இறந்தது 1631-இல். காஷ்மீரில் இருக்கும் ஷாலிமாரோ ஜஹாங்கீர் காலத்துத் தோட்டம். கதை எப்படியோ போகட்டும், வாசனையில் பொய் இல்லை.

அதே கெர்லான் நிறுவனத்தின் மோன் கெர்லான் 2017-இல் வந்தது. தியரி வாசரும் டெல்ஃபின் ஜெல்க்கும் சேர்ந்து செய்தது. விளம்பரத்தில் ஏஞ்சலினா ஜோலி. இங்கே வெனிலாவுக்கு எதிரே நிற்பது லாவெண்டர். புதிய யோசனை போலத் தோன்றினாலும் இது அந்த நிறுவனத்தின் பழைய சொத்து: 1889-இல் ஏமே கெர்லான் செய்த ஜிக்கி என்ற பெர்ஃப்யூமிலேயே லாவெண்டரும் செயற்கை வெனிலினும் ஜோடி சேர்ந்துவிட்டன. ஜிக்கி பாட்டிலில் எத்தில் வெனிலினைக் கொட்டிப் பார்த்ததில் பிறந்ததுதான் ஷாலிமார் என்றும் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இவை இரண்டும் ஒரே பாட்டியின் பேத்திகள். ஒருத்தி புகை பக்கம் போனாள், மற்றவள் லாவெண்டரோடு தங்கிவிட்டாள்.

லாவெண்டர் செய்யும் வேலை என்னவென்றால், இனிப்புக்கு நடுவே குளிர்ந்த, மூலிகைத்தனமான ஒரு இடைவெளியைத் திறந்துவிடுகிறது. அப்புறம் இதில் இந்திய சாம்பக் மல்லி இருப்பதாக நிறுவனமே பெருமையாகச் சொல்கிறது. சாம்பக் என்றால் வேறொன்றுமில்லை, நம் குண்டுமல்லி. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் இதே இனம்தான். உலகப் பெர்ஃப்யூம் தொழிலுக்குப் போகும் சாம்பக் சாறில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பூவிலிருந்து எடுக்கப்படுவது. தலையில் சூடும் பூவை மொட்டாகவே விற்றுவிடுவார்கள். சாறு எடுக்க வேண்டுமென்றால், மாலையில் மொட்டு அவிழும் வரை காத்திருந்து, அப்புறம்தான் கரைப்பானில் போடுவார்கள். பூ திறந்தால்தான் மணம்.

ஆனால் சரம் சரமாக மல்லிகை மணக்கும் என்று எதிர்பார்த்து மோன் கெர்லானை வாங்காதீர்கள். நிஜ மல்லியில் இண்டோல் இருக்கும். வாடத் தொடங்கும் பூவில் வரும் அந்தக் கனத்த, லேசான மிருக வாடை அதுதான். மோன் கெர்லான் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பூவை மென்மையாக மட்டும் காட்டுகிறது. மல்லியோடு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். என் குறை இது ஒன்றுதான். மற்றபடி பகலில், ஆபீஸில், பஸ்ஸில் யாரையும் தொந்தரவு செய்யாத வெனிலா இந்த நான்கில் இதுதான்.

ஹிப்னாடிக் பாய்சன் 1998-இல் அனிக் மெனார்டோ செய்தது. சிவப்புப் பாட்டில். இங்கே கடிவாளம் கசப்பு பாதாம். அடித்த உடனே பாதாம் எசன்ஸ் முகத்தில் அறையும். பின்னால் சீமைச்சோம்பின் சிறு காரம். இதிலும் சாம்பக் மல்லி இருக்கிறது. மோன் கெர்லானில் இருப்பதைவிட இங்கே அதற்குக் கொஞ்சம் திமிர் அதிகம். இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று விடாமல் கடைசிவரை மல்லுக்கு நிற்பதுதான் இதன் அழகு. பெயரில் விஷம் இருப்பதற்கு நியாயம் செய்கிறது. ஆனால் சென்னை மே மாதத்தில் இதை மதியம் அடித்துக்கொண்டு வெளியே போவது உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் தண்டனை. சூட்டில் மணப்பொருள்கள் வேகமாக ஆவியாகும், புழுக்கத்தில் இனிப்பு இன்னும் கனக்கும். டிசம்பர் ராத்திரி, ஏசி மண்டபக் கல்யாண வரவேற்பு, இதற்கு மேல் இதற்கு இடம் தேட வேண்டாம்.

பிளாக் ஓபியம் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 2014-இல் வந்தது; நான்கு பெர்ஃப்யூமர்கள் சேர்ந்து செய்தார்கள். காபியும் ஆரஞ்சுப் பூவும் வெனிலாவும். யோசனை அருமை, காபிக் கசப்பு நல்ல கடிவாளமாக இருந்திருக்கும். ஆனால் என் தோலில் அந்தக் காபி சீக்கிரமே கழன்றுகொள்கிறது, அப்புறம் இனிப்பு தனியாக ஆட்டம் போடுகிறது. நான்கில் நிறையப் பேர் ‘என்ன சென்ட் இது?’ என்று கேட்கப் போவதும் இதைத்தான், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எளிதில் பிடிக்கும், எளிதில் சலிக்கும்.

முடிவு செய்வதற்கு முன் காகிதப் பட்டையில் முகர்ந்து ஏமாறாதீர்கள். மணிக்கட்டில் அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நான்கு மணி நேரம் கழித்து மிச்சம் இருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள். ஓ த டாய்லெட் (வீரியம் குறைந்தது), ஓ த பெர்ஃப்யூம் (வீரியம் கூடியது) வித்தியாசத்தையும் வெறும் வீரியக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷாலிமாரில் முதலாவது கூர்மையாக இருக்கும், இரண்டாவது வழவழப்பாக. இரண்டையும் தனித்தனியாகவே முகர வேண்டும். வெள்ளைச் சட்டை, வெளிர் நிறப் பட்டு மேல் எதையும் அடிக்காதீர்கள். வெனிலின் நாளாக ஆகப் பழுப்பேறும், கறை போகாது.

பகலுக்கு ஒரே ஒரு பாட்டில் என்றால் மோன் கெர்லான். எனக்கென்று ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஷாலிமார், யோசிக்கவே மாட்டேன். ஆனால் அதை யாருக்கும் பரிசாக மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து முதல் அடி அடித்ததும் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.