ஸ்டேஜ் 1 ரீமேப்பா, பிரேக்-டயரா, பெரிய டர்போவா?

கார மெருகேத்த முதல்ல எதுல காசு போடலாம்னு பாப்போம். டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்புறது) இருக்க பெட்ரோல் கார் வச்சிருக்கவங்க முதல்ல ஆசைப்படுறது ரீமேப்புக்கு தான், அதாவது இன்ஜின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேர மாத்தி எழுதுறது, அதோட முதல் கட்டம் தான் ஸ்டேஜ் 1. அதுல ஆச்சரியமே இல்ல, ஒரு பார்ட் கூட மாத்தாம சாஃப்ட்வேர்லயே 20-30% பவர் ஏறுதுன்னா யாருக்குத்தான் கை அரிக்காது. டர்போ இல்லாத கார்னா இத மறந்துடுங்க, வித்தியாசமே பெருசா தெரியாது.

ஆனா ரீமேப் அதோட நிக்காது. ஃபோக்ஸ்வேகனோட எம்கே7 (ஏழாவது தலைமுறை) கோல்ஃப் ஜிடிஐ-யவே பாருங்க, கம்பெனில இருந்து வரும்போது 220 பிஎஸ் பவர், 350 என்எம் டார்க் (சக்கரத்த சுழட்டுற விசை), ஸ்டேஜ் 1 போட்டா பவர் 300 பக்கத்துல வந்துடும், செம்ம தான். ஆனா அதுல வர்ற 6 ஸ்பீடு டிஎஸ்ஜி (தானா கியர் மாத்துற) கியர்பாக்ஸ டிசைன் பண்ணதே 350 என்எம் டார்க்குக்கு தான், அதனால கியர்பாக்ஸுக்கும் தனியா ட்யூன் போடணும். மேனுவல்னா கிளட்ச் தாங்காம வழுக்கி காட்டிக் கொடுத்துடும். நாலாவது கியர்ல கம்மி ஆர்பிஎம்ல முழுசா மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் விர்ருனு ஏறும், வண்டி ஏறாது. அப்புறம் வெயில்ல இன்டர்கூலர் (டர்போ அனுப்புற காத்த குளிர வைக்கிறது) சூடாகி பவர் இறங்குதுன்னு அதையும் மாத்துவோம், டர்போல இருந்து புகை வெளிய போற டவுன்பைப் மாத்துவோம், எமிஷன் டெஸ்ட்ல மாட்டுவோம். வாரண்டி முதல் நாளே சந்தேகம் தான்.

பிரேக்-டயர் பக்கம் வாங்க. நல்ல பிரேக் பேட், புது டாட் 4 பிரேக் ஃப்ளூயிட், சாஃப்ட் காம்பவுண்ட் டயர், இவ்ளோ தான். இதுல பெருமையா சொல்லிக்க நம்பர் ஒண்ணும் கிடையாது, ஆனா வண்டியே வேற வண்டி ஆயிடும், என்னோட ஓட்டு கண்ண மூடிட்டு இதுக்கு தான். 100-ல இருந்து நிறுத்துறதுக்கும் 140-ல இருந்து நிறுத்துறதுக்கும் பிரேக் உறிஞ்ச வேண்டிய எனர்ஜி கிட்டத்தட்ட டபுள், ரீமேப் போட்டவங்க இத யோசிக்கிறதே இல்ல. டாட் 4 புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காது, காத்துல இருக்க ஈரத்த இழுத்து பழசான பிறகு அதுக்கான ஸ்டாண்டர்டே 155 தான். மலை ரோட்டுல இறங்கும்போது அது கொதிச்சுட்டா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், ரொம்ப பயங்கரமான விஷயம் அது. முக்கியமா, இந்த செலவு அடுத்த செலவ இழுத்துட்டு வராது.

பெரிய டர்போ? இன்ஜெக்டர், ஃப்யூல் பம்ப், கிளட்ச், ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராட்னு போயிட்டே இருக்கும். டொயோட்டாவோட பழைய சுப்ரால வந்த 2ஜேசட் மாதிரி இரும்பு பிளாக் இன்ஜின் நிறைய தாங்கும், எல்லா இன்ஜினும் அப்படி கிடையாது. தினமும் ஓட்டுற வண்டிக்கு வேணவே வேணாம்.

பிரேக், டயர் முடிச்சும் ஆசை அடங்கலன்னா ஸ்டேஜ் 1 போடுங்க, ஆனா கிளட்ச் கண்டிஷன் பாத்துட்டு போடுங்க, இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லிடுங்க, 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதுன மேப்ப (ரீமேப் சாஃப்ட்வேர) எப்பவும் அந்த பெட்ரோல் கிடைச்சா மட்டும் போடுங்க, கம்மி ஆக்டேன் ஊத்தி நாக்கிங் (பெட்ரோல் இன்ஜினுக்குள்ள கட்டுப்பாடில்லாம தானா வெடிக்கிறது) வந்தா அடி வாங்குறது பிஸ்டன்.