ஸ்கிரிப்ட் வராத போனுக்கும் சைட்டு ஓடணுமா?

ரங்கூன்ல நம்ம கோயில் ஒண்ணுக்கு அர்ச்சனை, அன்னதானம் பதியுற சைட்டை ரெண்டு தடவை எழுதினேன், முதல்ல முழுக்க ரியாக்ட்ல, அதாவது ப்ரவுசருக்குள்ள ஓடிப் பக்கத்தை வரையுற ஜாவாஸ்கிரிப்ட் (சுருக்கமா ஸ்கிரிப்ட்) வச்சு, அப்புறம் ஸ்கிரிப்டே வேண்டாத, பக்கத்தோட அடிப்படை மொழியான எச்டிஎம்எல்ல சாதா ஃபார்மா.

ஜாவாஸ்கிரிப்டை எவன் ஆஃப் பண்றான், அவனுக்காக எதுக்கு மெனக்கெடணும்னு தம்பிங்க கேக்குறாங்க. பாதி நியாயம்தான். ஃபயர்பாக்ஸ் ப்ரவுசர்ல 2013லயே அதை ஆஃப் பண்ற டிக் பாக்ஸை செட்டிங்ஸ்ல இருந்து தூக்கிட்டாங்க. ஆனா அதே வருஷம் பிரிட்டிஷ் அரசாங்க சைட்டுல எண்ணிப் பாத்தப்போ ஸ்கிரிப்ட் ஓடாம போனவங்க 1.1 சதவீதம், அதுல ஆஃப் பண்ணி வச்சவங்க, ப்ரவுசர்லயே வசதி இல்லாதவங்க எல்லாம் சேத்தே 0.2 தான். மிச்சம் 0.9 சதவீதம் பேருக்கு ப்ரவுசர்ல எல்லாம் சரியா இருந்தும் ஸ்கிரிப்ட் ஓடல. அது லண்டன் லைன்! இங்க கரண்டு போய் ரொம்ப நேரமானா டவரும் படுத்துடும், 2021ல இருந்து பேஸ்புக்குக்குத் தடை, அதைப் பாக்கவே தடையைச் சுத்திப் போற விபிஎன் வேணும், அது நடுவுல அறுந்துச்சுன்னா பக்கம் வந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஃபைல் வந்திருக்காது.

ரியாக்ட்ல எழுதினது பாக்க அழகா இருந்துச்சு, மறுக்க மாட்டேன். எந்த நாள் நிறைஞ்சிருக்குன்னு தொட்ட உடனே காட்டும். ஆனா தீமிதி நெருங்குன வாரம் ஒரு அக்கா போன் பண்ணி, "தம்பி, வெறும் வெள்ளையா இருக்கே, கோயில் சைட்டை மூடிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க, அன்னிக்கு ராத்திரியே சாதா ஃபார்முல கை வச்சேன்.

சாதா ஃபார்ம்ல பேரு, நட்சத்திரம், தேதி, அனுப்பு பட்டன், அவ்வளவுதான், லைன் விட்டா மறுபடி அமுத்தினா போதும். ஓபரா மினி ப்ரவுசர்ல டேட்டா மிச்சம் பண்ற மோட் போட்டா பக்கத்தை அவங்க சர்வர்லயே சமைச்சுத்தான் அனுப்புவாங்க, ஸ்கிரிப்ட் அங்க அரைகுறையாத்தான் ஓடும், இந்த ஃபார்ம் அதுலயும் போகுது. யார் பாக்குறாங்கன்னு மறைக்கிற டார் ப்ரவுசர்ல பாதுகாப்பை உச்சத்துல வச்சா ஜாவாஸ்கிரிப்டே நின்னுடும். அதை இந்த ஊர்ல யாரு, எதுக்கு வச்சிருப்பாங்கன்னு நான் விளக்க வேண்டாம்.

ரெண்டு வேலை ஆகுதேன்னா, பெருசா ஒண்ணும் ஆகல. வர்ற டேட்டாவை சர்வர்ல எப்படியும் சோதிச்சே ஆகணும், காலியா விட்டுட்டானான்னு பாக்க ரிக்வயர்டுன்னு ஒரு வார்த்தை எச்டிஎம்எல்லயே இருக்கு.

மேப், படம் வரையுறது, ஸ்ப்ரெட்ஷீட் மாதிரி சமாச்சாரம்னா நானும் ஸ்கிரிப்ட் பக்கம்தான், அங்க அது இல்லாம ஓட்டப் பாக்குறது வீண் வேலை. ஸ்கிரிப்ட் இல்லாம ஓடுன ஜிமெயிலோட பேசிக் எச்டிஎம்எல் வடிவத்தை 2024ல மூடிட்டாங்க, 2025 ஜனவரில கூகுள் தேடலுக்கே ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயம்னு ஆச்சு. கூகுளே விட்டாச்சு உனக்கென்னன்னா, அவங்களுக்கு ஆள் மாதிரி வந்து தேடுற பாட் ப்ரோக்ராம்களோட தொல்லை, எனக்கு மூணே மூணு கட்டம்.

இப்போ ஃபார்ம் அடியில இருக்கு, நாள் நிறைஞ்சிருக்கான்னு காட்ட மட்டும் அது மேல ஒரு நாப்பது வரி ஸ்கிரிப்ட், வந்தா வரட்டும். செயலாளர் அண்ணனுக்கு மட்டும் இன்னும் குறை, பட்டனை அமுத்தினா வட்டம் சுத்த மாட்டேங்குதாம்.