லெபோ குவீன் சந்தில் ஒரு மிக்சி ரிப்பேர் கடை

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் மகா மாரியம்மன் கோயிலைத் தாண்டிப் பக்கத்துச் சந்துக்குள் திரும்புங்கள். கடை முன்னுள்ள நடைபாதையில், அதாவது அஞ்சடியில், இறக்கை கழற்றிய காத்தாடிகள் நாலைந்து சுவரில் சாய்ந்திருக்கும். அதுதான் கடை.

எங்கள் மிக்சி 750 வாட். ஒன்பது வருஷமாக ஒரு நாள் லீவு இல்லாமல் தேங்காய் அரைத்தது. போன மாதம் சட்னி பாதியில் நின்றுவிட்டது. நிற்கும் முன் அடியிலுள்ள ஓட்டை வழியே நீலமாகப் பொறி பறந்தது, கருகல் நாற்றம் வேறு. முதலில் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பெண் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. “மோட்டார் மாத்தணும், 260 வெள்ளி, ஆறு வாரம் ஆகும்” என்று எழுதிக் கொடுத்தாள். புதுசு நானூறு ரிங்கிட்டுக்குக் குறையாது. பள்ளிக்கூடத்து ஓய்வறையில் புலம்பியபோதுதான் சக ஆசிரியை ஒருவர் இந்தச் சந்தைச் சொன்னார்.

கடைக்கார அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். நான் போனபோது பசியாறிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து கேட்ட முதல் கேள்வி: “ஜார் எங்கம்மா?”

ஜாரை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். ரிப்பேர் மோட்டாருக்கு, ஜார் எதற்கு?

பதில் சொல்லாமல் மிக்சியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். சுமை கூடினால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான் அது. இங்கே வருகிற மிக்சிகளில் பாதிக்கு அந்தப் பொத்தான் மட்டும்தான் வியாதியாம். எனக்கு முன்னால் வந்திருந்த சீன ஆன்ட்டியின் மிக்சி அப்படித்தான் உயிர் பிழைத்தது. காசு வேண்டாம் என்று கையாட்டி அனுப்பிவிட்டார். என்னுடையது எழுந்திருக்கவில்லை.

நாலு ஸ்க்ரூ. மூடி திறந்தது. குண்டு பல்பு ஒன்றை ஒயரில் கோத்து வைத்திருக்கிறார், மீட்டருக்குப் பதில் அதுதான். அங்கே ஒரு தொடல், இங்கே ஒரு தொடல், பல்பின் வெளிச்சத்தைப் பார்த்தே மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் பிழைத்திருக்கிறது என்றார். பிறகு குறடால் ஒரு கருப்புக் கட்டியை இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கார்பன் பிரஷ், சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் கட்டி.

நான் யார் என்று இங்கே சொல்லியாக வேண்டும். பட்டர்வொர்த் பக்கம் ஒரு இடைநிலைப்பள்ளியில் 22 வருஷமாக இயற்பியல் சொல்லித் தருகிறேன். படிவம் 5-இல் (பதினோராம் வகுப்பு) மின்காந்தவியல் பாடம், அதில் மோட்டார். வருஷா வருஷம் வெண்பலகையில் கொம்யூட்டேட்டரை, அதாவது மோட்டாரோடு சுழலும் செம்புப் பட்டை வளையத்தை, வட்டமாக வரைந்து, இரண்டு பக்கமும் சதுரம் போட்டு, ‘பெருஸ் கார்பன்’ என்று மலாயில் அம்புக்குறி இடுவேன். கையில் பிடித்ததில்லை. அது சதுரமும் இல்லை. சுழலும் கொம்யூட்டேட்டரோடு உரசி உரசி, அதன் வளைவுக்குத் தக்க ஒரு முனை குழிந்திருக்கிறது. தீர்ந்துபோன பென்சில் துண்டு அளவுதான் மிச்சம்.

சரி, பிரஷ்ஷை மாற்றிவிட்டு அனுப்பிவிடுவார் என்று பையை எடுத்தேன். அவரோ மேலே ஜார் உட்காரும் கப்ளரை நகத்தால் சுரண்டினார். காய்ந்துபோன சட்னி உதிர்ந்தது.

“ஜார் ஒழுகுதும்மா. தண்ணி கீழ இறங்கி பேரிங் இறுகிப் போச்சு. மூச்சு முட்டினா மோட்டார் கரண்ட நெறய குடிக்கும். கட்டி தேயத்தான் செய்யும். கட்டிய மட்டும் மாத்தினா மூணு மாசத்துல திரும்ப வருவீங்க.”

இதற்கு எங்கள் பாஷையில் பேக் ஈ.எம்.எஃப். என்று பேர். மோட்டார் சுற்றும்போது அதுவே வருகிற மின்சாரத்துக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். வேகம் குறைந்தால் அந்த எதிர்ப்பு குறையும், மின்னோட்டம் ஏறும், சூடாகும். இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு பாடவேளை தேவைப்படும், பிறகும் பாதி வகுப்பு முழிக்கும். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பழமொழியை எடுத்துவிடுகிறவர்களும் தங்கள் பிள்ளையை ஏட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள். ஜாரைப் பார்க்காமல் மோட்டாரைப் பற்றிப் பேசமாட்டேன் என்ற அந்தப் புத்தி எனக்கு இல்லை, அதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மறுபடியும் போனேன், ஜாரோடு. கொம்யூட்டேட்டரின் கரியைப் பொடி உப்புத்தாளால் தேய்த்து, பட்டைகளுக்கு நடுவிலிருந்த தூளை ஊசியால் எடுத்து, பேரிங்கைக் கழுவி எண்ணெய் விட்டு, ஜாரின் அடியில் புஷ்ஷும் சீலும் மாற்றினார். ஒன்றரை மணி நேரம். பிரஷ் 12, புஷ்ஷும் சீலும் 20, கூலி 40. மொத்தம் 72 வெள்ளி.

நான் பேரம் பேசினேன். “அறுபது வச்சுக்கங்கண்ணே” என்று வாய் தானாக வந்தது. அவர் சிரித்தார், குறைக்கவில்லை. காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது. வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், மணிக்கு 50 வெள்ளி. இதுவரை ஒரு பெற்றோரும் “நாப்பது வச்சுக்கங்க டீச்சர்” என்று கேட்டதில்லை. மாதம் பிறக்குமுன் கட்டிவிடுகிறார்கள்.

கைவேலையைக் குறைத்துப் பார்க்கும் இந்தப் புத்தி எனக்கு நேற்று வந்ததும் இல்லை. அப்பா துறைமுகப் பட்டறையில் பிட்டர். வேலை முடிந்து வந்தால் சோப்புத் தூளும் மணலும் போட்டுக் கையைத் தேய்த்த பிறகுதான் என் புத்தகத்தைத் தொடுவார். படிவம் 3-இல் பள்ளிப் பாரத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் நான் ‘கிராணி’ (குமாஸ்தா) என்று எழுதினேன். அப்பாவுக்குக் கடைசிவரை அது தெரியாது.

அண்ணனும் ஒன்றும் முனிவர் இல்லை. நான் டீச்சர் என்று தெரிந்ததும் ‘அம்மா’ போய் ‘டீச்சர்’ வந்துவிட்டது, கூடவே ஒரு விண்ணப்பமும். மகன் படிவம் 3. வீட்டில் ரேடியோ, ரிமோட் எதையும் விட்டுவைப்பதில்லை, எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறான். “எப்படியாச்சும் அவன சயன்ஸ்ல போட வழி சொல்லுங்க டீச்சர்.” கடைக்கு ஆள் நிற்பதில்லை என்று அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் குறைப்பட்டவரும் அவர்தான். பழக வந்த இரண்டு பையன்களும் கிராப் செயலியில் வண்டி ஓட்டப் போய்விட்டார்களாம்.

வழக்கமாகப் பெற்றோரிடம் சொல்வதைச் சொன்னேன். 2012 முதல் பழைய தொழிற்பள்ளிகளை வொக்கேஷனல் கல்லூரிகளாக மாற்றியிருக்கிறார்கள், படிவம் 4-க்குப் பதில் அங்கே சேர்ந்தால் டிப்ளோமா வரை போகலாம். மலேசியத் திறன் சான்றிதழில்கூட ஐந்து நிலை உண்டு, நாலாவது நிலையே டிப்ளோமாதான். தேர்ச்சி அறிக்கை நாளில் இதை எடுத்தாலே “எம்புள்ள மக்குன்னு சொல்றீங்களா டீச்சர்?” என்று எழுந்துபோன தாய்மார்கள் உண்டு. அண்ணன் எழுந்து போகவில்லை. ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே கேட்டார்:

“உங்க பையன அங்க போட்டீங்களா?”

என் பையன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இருக்கிறான். அவனுக்கு இதில் ஆர்வம் இல்லை என்று சொன்னேன். அவனை நான் கேட்டதே இல்லை.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். போன் போட்டால் எடுக்கமாட்டார். ரசீது கிடையாது. உட்கார ஒரே ஒரு முக்காலி, அதிலும் ஒரு ரைஸ் குக்கர் உட்கார்ந்திருக்கும். வியாழன் என்றால் சனி என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு லெபோ பாசாரில் வாசல் பார்த்த கடையாம். 1966-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பிறகு ரத்து செய்து, 2000-இல் வாடகை அவிழ்த்துவிடப்பட்டபோது பழைய நகரத்துத் தொழிலாளிகள் பலர் கிளம்பியதுபோல இவரும் கிளம்பிச் சந்துக்குள் ஒதுங்கினார். 2008-இல் நகரத்துக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலம் என்ற பட்டம் வந்தபிறகு முன்பக்கம் திரும்பிப் போக நினைக்கவே முடியவில்லை என்கிறார். அதனால் இடத்தைத் திட்டி ஒரு நட்சத்திரம் குறைக்க மனம் வரவில்லை. போன் எடுக்காததற்கு மட்டும் ஐந்தில் ஒன்று குறைக்கிறேன். நாலு.

மூன்று வாரமாகிறது. ஜார் ஒழுகவில்லை, பொறி இல்லை, சத்தமும் கம்மி. தேய்ந்த பிரஷ்ஷைக் கேட்டு வாங்கி என் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறேன், மோட்டார் பாடம் வரும்போது பிள்ளைகளின் கையில் கொடுக்க.

போகிறவர்கள் மறக்காமல் ஜாரையும் எடுத்துப் போங்கள். நான் இரண்டு நடை நடந்து, அந்தத் தெருவில் இரண்டு முறை பார்க்கிங் கட்டினேன்.